கடைமடையில் கடவுளின் செயல்

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஃபர்னஸ் ஆயில் டேங்கர் எந்தச் சோதனைச் சாவடியில் நிற்கிறது, பாய்லருக்கு இன்னும் எத்தனை நாள் கையிருப்பு என்பதே வெகுகாலம் என் தியானமாக இருந்தது. கொச்சியிலிருந்து மங்களூர் போகும் கெயில் எரிவாயுக் குழாய், 450 கிலோமீட்டர், 2021 ஜனவரி 5-இல் திறக்கப்பட்டது. அதில் கூற்றநாட்டில் பிரியும் கிளை வாளையாரை நோக்கி எங்கள் பாலக்காடு ஜில்லாவுக்குள்ளேயே வருகிறது என்று தெரிந்ததும், டேங்கர் டிரைவர்களுக்குப் போன் போடும் காலம் முடிந்தது என்று மகிழ்ந்தேன். பிறகு ஒப்பந்த வரைவு ஒன்று மேசைக்கு வந்தது. தடித்த கட்டு. அவ்வளவு பக்கங்களில் கடவுளின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

விலக்குகளைச் சொல்லும் பிரிவில். நிலநடுக்கம், வெள்ளம், புயல், போர் என்று அடுக்கியிருந்த வரிசைக்கு முதல் ஆளாகக் ‘கடவுளின் செயல்’ நின்றது. கேஸ் வராமல் போனதற்குக் காரணம் கடவுள் என்று நிரூபித்துவிட்டால் விற்றவர் தப்பலாம். எங்கள் பாய்லர் நின்றதற்குக் காரணம் கடவுள் என்று நிரூபித்தால் நாங்கள் தப்பலாம். சரக்கு விற்கவில்லை, எண்ணெய் விலை குறைந்துவிட்டது, முதலாளிக்குப் பணமுடை என்பதெல்லாம் கடவுளின் கணக்கில் சேராது. 2017-இல் ‘எனர்ஜி வாட்ச்டாக்’ வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறியதைக் காட்டி மின் நிலையங்கள் ஒப்பந்தத்திலிருந்து நழுவ முடியாது. வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிற எனக்கு, எந்தத் துன்பத்தை அவள் தலையில் போடலாம், எதைப் போடக்கூடாது என்று வக்கீல்கள் இவ்வளவு தெளிவாக வரையறுத்து வைத்திருப்பது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நம்முடைய பூசாரிகள் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

வரைவின் மீதிப் பகுதி மனிதர்களின் செயல். ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டி ஒரு அளவை எழுதிக்கொள்ள வேண்டும். அதில் பெரும்பங்கை எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டாலும் காசு. இதற்கு ‘டேக் ஆர் பே’ என்று பெயர். காசு கட்டி எடுக்காமல் விட்ட கேஸைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் பிறகு வாங்கிக்கொள்ளலாம், அது ‘மேக்கப் கேஸ்’. குளிர் நாடுகளில் இதோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பாவில் எரிவாயு ஆண்டு அக்டோபர் 1-இல் பிறக்கிறது. கோடையில் பூமிக்கடியில் நிரப்பி வைத்துக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். அமெரிக்கக் குழாய் நிறுவனங்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு, மீதி மாதங்களுக்கு வேறு கணக்கு. வாடிக்கையாளர்களிலும் இரண்டு சாதி உண்டு. எவ்வளவு குளிர் அடித்தாலும் தடையில்லாமல் பெறுகிறவர் ஒருவர். அவருக்கு விலை கூடுதல். உறைபனி நாளில் என் குழாயை முதலில் அடைத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டவர் மற்றவர். அவருக்கு விலை குறைவு.

இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் யோசனை. தட்டுப்பாடு வந்தால் யார் வயிற்றில் ஈரத்துணி என்பதை, தட்டுப்பாடு வருவதற்கு முன்பே, அவரைக் கேட்டு, அவருக்கு அதற்கான சலுகையும் கொடுத்து முடிவு செய்திருக்கிறார்கள். லாபத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் நான் படித்த பல தர்ம நூல்களில் இல்லாத ஒரு நேர்மை அதில் இருப்பதாகத் தோன்றியது.

எங்கள் தோப்பு கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, சித்தூர் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைக்கிற பச்சை எங்கள் பக்கம் கிடையாது. பாலக்காட்டுக் கணவாயின் இந்த மூலை, எருத்தேன்பதி, வடகரப்பதி எல்லாம், மழை மறைவுப் பிரதேசம். ஆனி ஆடியில் திருச்சூரில் குடை முறியும்போது இங்கே புழுதி பறக்கும். பேச்சும் தமிழ், வெயிலும் தமிழ். கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்கெல்லாம் கள் போவது பெரும்பாலும் எங்கள் தாலுகாவிலிருந்துதான். அந்தத் தென்னைக்குத் தண்ணீர் வருவது பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்திலிருந்து.

திட்டத்தின் ஒப்பந்தம் 1970 மே 29-இல் கையெழுத்தானது. 1958 நவம்பர் 9-இலிருந்தே செல்லும் என்று பின்தேதியிட்டு எழுதினார்கள். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் கேரள மண்ணில் நிற்கின்றன, சாவி தமிழ்நாட்டிடம். பதிலுக்கு, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான நீராண்டில் மணக்கடவு அணைக்கட்டில் 7.25 டிஎம்சி எங்களுக்கு வந்து சேர வேண்டும். கேரளச் சோலையாறு அணை செப்டம்பர் 1-ஆம் தேதியும் பிப்ரவரி 1-ஆம் தேதியும் நிரம்பியிருக்க வேண்டும். எந்தப் பதினைந்து நாளில் எவ்வளவு என்று கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் உட்கார்ந்து அட்டவணை போடுகிறது. ஆடி வெள்ளத்தில் வருகிற டிஎம்சி வேறு, இரண்டாம் போகம் கதிர் வைக்கிற தையில் வருகிற டிஎம்சி வேறு என்பது வாரியத்துக்கும் தெரியும். எரிவாயு வரைவைப் படித்தபோது எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து நாங்கள் ஒரு பருவ ஒப்பந்தத்தின் வாடிக்கையாளர்களாகத்தான் இருந்திருக்கிறோம்.

அக்காவைக் கொடுத்திருப்பது பொள்ளாச்சிக்குக் கிழக்கே. மச்சானும் இதே திட்டத்தின் தண்ணீரைத்தான் குடிக்கிறார், வேறு வாய்க்காலில். மாசியில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை நடக்கும்போது இங்கே வந்துவிடுவார். படையெடுத்து வந்த கொங்கனை பகவதி விரட்டியடித்ததைக் கொண்டாடும் திருவிழா அது. கொங்குத் தமிழ் பேசும் நாங்கள் இருவரும் எங்கள் முன்னோர் தோற்றதை வேட்டி மாற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, வயிறார உண்டு திரும்புவோம். அன்றைக்குத் தண்ணீர்ச் சண்டையும் உண்டு.

“மாப்ள, உங்களுக்கு நம்பரா எழுதிக் குடுத்திருக்குது. மழை பேஞ்சாலும் ஏழே கால், பேயாட்டியும் ஏழே கால். மழை பொய்ச்சா எங்களுக்கு மட்டுந்தான் பொய்க்குமாட்ட இருக்குது” என்பார்.

“ஏனுங் மச்சான், மலை எங்களுது, மழை எங்க மலையில பேயுது. நம்பராவது எங்களுக்கு வேண்டாமுங்களா?” என்பேன்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயந்தான் என்பது இருவருக்கும் தெரியும். காவிரியில் வேறு வழி பிடித்தார்கள். நடுவர் மன்றம் 2007-இல் மாதவாரியாக அளவு எழுதியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. பிலிகுண்டுலுவில் ஜூனுக்கு 9.19 டிஎம்சி, ஜூலைக்கு 31.24 என்று போகும் அந்த அட்டவணையோடு, மழை குறைந்த ஆண்டில் எல்லார் பங்கும் விகிதப்படி குறையும் என்றும் ஒரு விதி இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குறைவு எவ்வளவு, எந்தத் தேதியில் அதை அளப்பது என்பதில் ஒவ்வொரு வறட்சியிலும் டெல்லி வரை போகிறார்கள்.

இடுக்கிப் பக்கம் போனால் இதன் மறுமுனை தெரியும். முல்லைப்பெரியாறு குத்தகை 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் நடுவே எழுதியது, 999 ஆண்டு. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு 40,000 ரூபாய். ஏக்கர் வாடகை 30 ரூபாயாக உயர்ந்தது 1970-இல். தேதி அதே மே 29. ஒரே நாளில் இரண்டு மலைகளின் தண்ணீருக்கும் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கிறார்கள். அந்த வாடகை மூழ்கும் நிலத்துக்கு, தண்ணீருக்கு அல்ல. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கட்ட வேண்டும். ‘டேக் ஆர் பே’ என்ற சொல் பிறப்பதற்கு முன்பே எங்கள் எல்லையில் அது நடைமுறையில் இருந்திருக்கிறது. எழுதிய ராஜா இல்லை, திருவிதாங்கூர் இல்லை, லண்டனில் இருந்த இந்தியா மந்திரி இல்லை. குத்தகை மட்டும் இருக்கிறது. கேரளத்தைக் கட்டுப்படுத்தும் என்று 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மழை தவறாத ஆண்டில் ஜூன் பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குத் தண்ணீர் திறக்கிறார்கள். பிறக்காத பேரனையும் பெய்யாத மழையையும் ஒருவர் எப்படி ஒரே தாளில் கட்டிப்போட முடிந்தது என்பது கம்பம் மெட்டில் நின்று கீழே பார்க்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி.

இதற்குச் சமயம் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று தேடியதில், முதல் பதில் அம்மாவிடமிருந்துதான் கிடைத்தது. வறண்ட ஒரு வருஷம், கிணறு தூர் தெரிந்து கிடந்தது. மழை பெய்தால் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டியிருந்தாள். மழை பெய்யவில்லை. அப்படியும் லாரித் தண்ணீர் குடம் வாங்கிப் பொங்கல் வைத்தாள். “நேர்ந்தது மழைக்குத்தானே, மழைதான் வரலையே?” என்றேன். “அவ கணக்கை அவ பாத்துக்குவா. நாஞ் சொன்னதை நாஞ் செய்யோணும்” என்றாள். அம்மாவுக்கும் அம்மனுக்கும் இடையில் இருந்தது சுத்தமான ‘டேக் ஆர் பே’. சரக்கு வராவிட்டாலும் பணம் கட்டினாள், மேக்கப் கேஸ் கூடக் கேட்கவில்லை.

பக்தியின் உச்சம் என்று இதைச் சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதே மனசு வாய்க்கால் கரைக்கும் நடந்து வந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். அம்மனிடம் கணக்குக் கேட்காமல் பழகியவர்கள் லஸ்கரிடமும் கேட்பதில்லை, எஞ்சினீயரிடமும் கேட்பதில்லை. ‘மழை இல்லை, என்ன செய்ய?’ என்று ஷட்டருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் சொன்னால், இந்தப் பக்கம் இருப்பவர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

அடுத்த பதில் புதுநகரம் ராவுத்தரிடமிருந்து. எங்கள் காய் முழுவதும் அவருக்குத்தான். எவ்வளவு சின்ன வாக்குறுதி கொடுத்தாலும் கூடவே ‘இன்ஷா அல்லாஹ்’ வந்துவிடும். நாளைக்கு இதைச் செய்வேன் என்று இறைவன் நாட்டத்தைச் சேர்க்காமல் சொல்லாதே என்று குர்ஆனில் குகைவாசிகள் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஆளேறி வெட்டி, தரையில் போட்டு எண்ணிய காய்க்குத்தான் அவர் காசு. ஒரு சமயம் எனக்குப் பணம் தேவைப்பட்டது. “பாளையில இருக்கிற காயை மொத்தமா விலை பேசிக்குங்க ராவுத்தரே, முன்பணம் குடுங்க” என்று கேட்டேன். மறுத்துவிட்டார். கடன் வேண்டுமானால் தருகிறேன், விலை மட்டும் பேச மாட்டேன் என்றார். காரணமும் சொன்னார்: “மரத்துல இருக்கிறது உங்க கையிலயும் இல்ல, எங் கையிலயும் இல்ல. அல்லா அந்தக் காயைப் பிடிச்சு வெச்சுட்டா, எதைச் சொல்லி ஒருத்தர் காசை ஒருத்தர் திம்போம்?”

பிறகு விசாரித்தால், இது அவர் சொந்தப் பிடிவாதம் இல்லை. பழுக்காத தோட்டத்தின் பழத்தை விற்கக் கூடாது என்று நபிகள் தடுத்ததாக ஹதீஸ் இருக்கிறது. அதற்குச் சொன்ன காரணமும் ஏறக்குறைய ராவுத்தர் சொன்னதுதான். மதீனாவில் பேரீச்சைக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பணம் கொடுக்கும் பழக்கம் இருந்தது. அதை அவர் முழுக்க ஒழிக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருந்தால் செய்யலாம் என்றார். ஆனால் இன்ன மரத்துக் காய், இன்ன தோட்டத்துப் பழம் என்று ஒற்றை இடத்தில் கட்டக் கூடாது என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் முடிவு. சந்தையில் எங்கிருந்தாவது வாங்கிக் கொடுத்துவிட முடிகிற பொருளுக்கு வாக்குக் கொடுக்கலாம். ஒரு மரத்தை நம்பி மட்டும் கொடுக்கக் கூடாது.

இந்தப் பிரிவினை எனக்குப் பெரிய வெளிச்சம். கேஸ் முதல் வகை. கத்தார் கப்பல் வராவிட்டால் ஆஸ்திரேலியக் கப்பல் வரும், விலைதான் வேறு. பெட்ரோநெட் நிறுவனம் கத்தாரின் ராஸ்கேஸுடன் போட்டிருந்த 25 ஆண்டு ஒப்பந்தம் ஆண்டுக்கு 75 லட்சம் டன் என்று இருந்தது. 2015-இல் வெளிச்சந்தை விலை பாதியாக விழுந்ததும் இந்தியத் தரப்பு எடுப்பதைக் குறைத்துக்கொண்டது. எடுக்காததற்கான அபராதம் சுமார் 12,000 கோடி ரூபாய். அதைக் கத்தார் கைவிட்டது. எடுக்காமல் விட்டதைப் பின்னால் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று, விலைக் கணக்கும் மாறியது. கடவுளைக் கூப்பிடாமலேயே மனிதர்கள் பேசித் தீர்த்தார்கள். தண்ணீரோ இரண்டாவது வகை, ஒற்றை மரத்துக் காய். ஆனைமலையில் பெய்யாத மழைக்குப் பதிலாக வேறு மலையிலிருந்து கப்பலில் கொண்டுவர வழியில்லை. ராவுத்தரின் நியாயப்படி பார்த்தால் 7.25 என்று எழுதியதே கூடாது.

அவரிடமே கேட்டேன். “அது பெரியவங்க எழுதினது, நமக்கெதுக்கு” என்று நழுவிவிட்டார். வியாபாரி.

எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எண்ணே வேண்டாம் என்றால், சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் இரக்கம்தான் மிஞ்சும். இரக்கத்தை நம்பி யாரும் தென்னை வைக்க முடியாது. எண் இருக்கட்டும். ஆனால் மழையைப் பற்றி வாக்குக் கொடுப்பவர் உண்மையில் எதைக் கொடுக்க முடியும் என்று பார்த்தால், அளவை அல்ல, வரிசையைத்தான். குறைந்தால் யாருக்கு முதலில் குறையும், அவருக்கு அதற்கு என்ன ஈடு என்பதை எந்த மனிதனும் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு வருண பகவானின் ஒப்புதல் தேவையில்லை. மணக்கடவு வரைக்கும் நடப்பதில் கடவுளின் பங்கு இருக்கிறது. அதற்குக் கீழே மூலத்தரை ரெகுலேட்டர், இடது கரை, வலது கரை, கிளை, மடை. அங்கே எங்கேயும் நான் கடவுளைப் பார்த்ததில்லை, ஷட்டர்களைத்தான் பார்த்திருக்கிறேன். தலைமடையில் வாழை கட்டியவர் ராத்திரி மோட்டார் போட்டு இழுப்பதும், கடைமடையில் ஈரம் தொடாமல் போவதும் ‘கடவுளின் செயல்’ என்று எந்த வக்கீலும் வாதிட மாட்டார். நாங்கள்தான் வாதிடுகிறோம்.

டெக்சாஸில் 2021 பிப்ரவரியில் நடந்ததை எரிவாயு வேலையில் இருந்தவர்கள் எல்லாரும் படித்திருப்பார்கள். உறைபனியில் கேஸ் கிணறுகளே உறைந்தன. ‘கடவுளின் செயல்’ கடிதங்கள் பறந்தன. தடையற்ற ஒப்பந்தம் இல்லாத மின் நிலையங்கள் சிலவற்றுக்குக் கேஸ் கிடைக்கவில்லை, மின்சாரம் போனது, மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். மின் நிலையம் மலிவு விலைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தது. குளிரில் விறைத்தவர்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, எந்தத் தள்ளுபடியும் வாங்கவில்லை. எங்கள் கடைமடைக்காரர்கள் அந்த இனம். முதலில் அடைபடும் வாடிக்கையாளர்கள் நாங்கள். ஆனால் யாரும் எங்களைக் கேட்டதில்லை, வரியிலும் தீர்வையிலும் ஒரு பைசா குறைத்ததில்லை. நல்ல வருஷத்தில் தலைமடைக்கு இணையாக எண்ணப்பட்டு, கெட்ட வருஷத்தில் வானத்தின் கணக்கில் எழுதப்படுகிறோம்.

இதைப் பாசனக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். நீராண்டு தொடங்கும்போதே, குறைந்தால் எந்தக் கிளைக்கு முதலில் அடைப்பு என்று பட்டியல் ஒட்டுங்கள்; ஒரு வருஷம் கடைமடை என்றால் அடுத்த வருஷம் தலைமடை; அடைபடுகிறவருக்கு அந்தப் பருவத்துத் தீர்வை கிடையாது, திறந்திருப்பவர் கொஞ்சம் கூடக் கட்டட்டும். தலைமடைக்காரர் ஒருவர் எழுந்து, “தெய்வம் தர்ற தண்ணிக்கு நீங்க விலை போடறீங்களே” என்று மலையாளத்தில் கேட்டார். கைதட்டல் அவருக்குத்தான்.

மச்சானிடம் சொன்னபோது சிரித்தார். “நீங்க கேக்கற சங்கதி எங்ககிட்ட 94-லிருந்தே இருக்குது மாப்ள” என்றார். உண்மைதான். பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத்தின் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். இந்தப் பருவம் உனக்கு இல்லை என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். யாரும் அம்மனைத் திட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை.

“அப்ப அது நல்லதுதானுங்களே?” என்றேன்.

“நெல்லுக்கு நல்லது, கடலைக்கு நல்லது. போட வேண்டாம்னு உட்டரலாம். தென்னை நட்டுப்போட்டனே, அது மண்டலம் பாத்துட்டுக் குடிக்குமா? முன்னாடியே சொல்லிப்போட்டா மரம் பொறுத்துக்குமா?”

இதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருந்தது, அதைச் சொன்னேன். மரம் பொறுக்காது, அதனால்தான் அடைபடும் பருவத்துக்கு ஈடு வேண்டும் என்கிறேன், அந்தப் பணத்தில் லாரித் தண்ணீர் ஊற்றி மரத்தையாவது காப்பாற்றலாம். உங்கள் முறையில் வரிசை இருக்கிறது, ஈடு இல்லை. எங்களிடம் இரண்டும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். ஏக்கருக்கு எத்தனை மரம், மரத்துக்கு எத்தனை குடம், லாரி வாடகை என்ன என்று விரல் விட்டவர், “இது கட்டாது மாப்ள” என்றார். எவ்வளவு என்றால் கட்டும் என்று கேட்டேன். ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகையை எழுதி வைத்திருக்கிறேன். ஐப்பசியில் அடுத்த கூட்டம் வரும்போது, தெய்வத்தின் தண்ணீருக்கு விலை போடாதே என்று சொன்னவரிடம் முதலில் காட்டப் போகிறேன்.